பிள்ளையே போடும் நேரசூசி

பாடசாலையில் நேரசூசி போடுகிற ஆளை ஒருவருக்கும் பிடிக்காது. வருடத் தொடக்கத்தில் அது ஆசிரியர் அறைச் சுவரில் ஏறிய அன்றே முறைப்பாடு தொடங்கிவிடும். "சேர், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இந்தமுறையும் என்ர தலையிலதானோ?" என்பார் ஒருவர். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்கு முதல் பாடவேளை வேண்டாம். ஜும்ஆவுக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி பிந்திய பாடவேளைகள் எதுவும் வைக்க முடியாது. இரசாயனவியல் ஆசிரியர் இன்னொரு பாடசாலைக்கும் போய்ப் படிப்பிப்பவர், ஆகவே அவர் எங்களுக்குக் கிழமையில் சில நாள்தான். இத்தனையையும் கிழமைக்கு இத்தனை பாடவேளை என்ற கட்டங்களுக்குள் அடக்க வேண்டும். திருகோணமலை நகரத்துக்குள்ளே ஒரு பாடசாலையில் பல வருடமாக இந்த வேலை என் பொறுப்பு. இதற்கென்று மென்பொருள்கள் வந்துவிட்டன என்று தெரியும். நான் இன்னமும் பெரிய தாளும் பென்சிலும் அழிறப்பரும்தான்.

அப்படிப்பட்ட எனக்கு, அக்காவின் மகளோடு உட்கார்ந்து ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இணைய நேரசூசியைப் பார்க்க நேர்ந்தது. நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் நினைவுக்கு வரும்போதெல்லாம் ஒரு நாள் அவர்கள் செய்வதுதான் சரி என்று படும், அடுத்த நாள் சுத்த மோசடி என்று படும். அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

மருமகள் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவு. இங்கேயே ஒரு கம்பஸ் கிடைத்திருக்கும், கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் கோணேசபுரிக்கென்றால் உப்புவெளியில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். அவளோ யாருக்கும் சொல்லாமல் வெளியே விண்ணப்பித்து, அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு இடமும், செலவில் பாதிக்கு மேல் தாங்கும் உதவித்தொகையும் எடுத்துவிட்டாள். மீதிக்குக் கனடாவில் இருக்கும் சித்தப்பா. விசா, டிக்கெட், குளிர் உடுப்பு என்று வீடே அந்தரப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உனக்குரிய பதிவு நேரம் இன்னது, அதற்கு முன்னால் வகுப்பு அட்டவணையைத் தேடிப் பார்த்து உன் பாடங்களைத் திட்டமிட்டு வைத்துக்கொள் என்று. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நேரசூசி எப்படியும் அனுப்புவார்கள் என்று இருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? 13 வருடம் படித்த பிள்ளைக்கு ஒரு தடவையாவது "உனக்கு எத்தனை மணிக்குக் கணிதம் வேணும்?" என்று நாங்கள் கேட்டிருக்கிறோமா?

கடைசியில் இணைப்பைத் திறந்து பார்த்தால் ஒரு தேடல் பெட்டி மட்டும்தான். எந்தப் பருவம், எந்தத் துறை, பாட இலக்கம், எந்த நாள், எத்தனை மணிக்குப் பிறகு, நேரிலா இணையத்திலா, இடம் இருக்கிற வகுப்புகள் மட்டும் போதுமா. கணிதத்தைத் தெரிவு செய்து தேடு என்று அழுத்தினால் வரிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. ஒரே நுண்கணிதம் காலை 8 மணிக்கு ஒருவர், 9 மணிக்கு இன்னொருவர், பின்னேரம் மூன்றாவது ஆள். சில இடங்களில் ஆசிரியர் பெயருக்குப் பதிலாக வெறுமனே 'ஸ்டாஃப்' என்று கிடக்கிறது. ஆள் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தமாம். (இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. மாற்றல் கடிதம் வந்தும் வராமலும் இருக்கிற ஆசிரியர்களை வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டுக்கு நானும் அப்படியே எழுதியிருக்கலாம்.) நாள்களுக்கு ஒற்றை எழுத்துக் குறி. செவ்வாய்க்கு டி என்பதால் வியாழனுக்கு ஆர். எம்டபிள்யூஎஃப் என்றால் திங்கள், புதன், வெள்ளி, 50 நிமிடப்படி. டிஆர் என்றால் செவ்வாயும் வியாழனும், 75 நிமிடப்படி. கூட்டிப் பார்த்தால் இரண்டும் கிழமைக்கு 150 நிமிடம்தான்.

நேரசூசிக்காரன் கண்ணுக்கு இது என்ன மாதிரி இருக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கடவுச்சொல் கூடத் தேவையில்லை, உலகத்தில் யாரும் திறக்கலாம். மருமகள் தூங்கப் போன பிறகும் நான் தனியாக இருந்து தேடிக்கொண்டிருந்தேன். காலை 8 மணி வகுப்புகளில் இடம் மிச்சம் கிடக்கிறது, 11 மணி வகுப்புகள் நிரம்பிவிடுகின்றன. வெள்ளி பின்னேரம் அங்கேயும் யாருக்கும் வேண்டாம். எந்த ஊர் ஆசிரியரும் ஆசிரியர்தான் போல.

கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம்

அக்காவுக்குத்தான் முதல் சந்தேகம். எட்டிப் பார்த்துவிட்டு, "கிழமைக்குப் பதினைஞ்சு மணித்தியாலம்தானா? அதுக்கா இவ்வளவு காசு?" என்றா. ஒரு கிரெடிட் என்றால் கிழமைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வகுப்பு, அதற்கு மேல் இரண்டு மணித்தியாலமாவது சொந்தமாகப் படிப்பு என்பது அங்கத்தைய கணக்கு. 15 கிரெடிட் எடுத்தால் மொத்தம் 45 மணித்தியாலம். அதில் வகுப்பறைக்குள் நடப்பது மூன்றில் ஒன்றுதான். இதை அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அவ நம்பியதாகத் தெரியவில்லை.

இந்த எண்களுக்குள்ளேதான் முதல் பொறி இருந்தது. மாணவர் விசாவில் போகிற இளநிலைப் பிள்ளை ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும், இது அமெரிக்க அரசின் விதி. அந்தக் கணக்கில் முழுக்க இணையவழி நடக்கும் வகுப்பு ஒன்றைத்தான், அதுவும் 3 கிரெடிட் வரைதான் சேர்க்கலாம். நேரசூசி வரியில் 'இணையவழி' என்பது ஓரத்தில் ஒரு சின்னச் சொல்லாக நிற்கிறது. வசதியாக இருக்கிறதே என்று அப்படி இரண்டு மூன்றைப் போட்டுக்கொண்டால் விசாவுக்கே பிரச்சினை வரும். அப்புறம், 12 எடுத்தால் முழுநேர மாணவி என்று ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் பட்டத்துக்கு வேண்டியது பொதுவாக 120. எட்டுப் பருவத்தில் 12 படி எடுத்தால் 96 தான் வரும். நாலு வருடத்தில் முடிக்க வேண்டுமானால் சராசரியாக 15 எடுக்க வேண்டும். தேடல் பக்கத்தில் இந்தப் பெருக்கல் எங்கேயும் இல்லை. அது வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அங்கே படித்திருந்தால் தெரியவரும் சங்கதி.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். நேரசூசி போடுவது என்ன லேசான வேலையா? ஒரு விரிவுரையைத் தெரிவு செய்தால் அதனுடன் கட்டிய ஆய்வுகூட வகுப்பு ஒன்று வேறொரு நாளில் வரும். அது இன்னொரு பாடத்தின் கலந்துரையாடல் வகுப்போடு மோதும். அதை நகர்த்தினால் மூன்றாவதுக்கு முன்தேவையாக ஒரு தகுதிகாண் சோதனை நிற்கும். தடுப்பூசி விவரம் சேரும்வரை பதிவே செய்ய முடியாது என்று இன்னொரு தடை. இதற்காக அக்கா பழைய கிளினிக் அட்டையைத் தேடி அலுமாரியைக் கவிழ்த்தது தனிக்கதை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு அலுவலகம் செய்ய வேண்டிய வேலையை 19 வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள் என்று அக்காவிடம் கத்தினேன். ஆலோசகர் ஒருவர் இருக்கிறார்தான், கேட்டால் பதில் எழுதுவார். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்தவர்களுக்குத்தானே ஆலோசகர் உதவுவார்?

ஆனால் கத்தி முடிந்ததும் எங்கள் பக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு பிள்ளை என்னத்தைத் தெரிவு செய்கிறது? சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடம். ஆறு கட்டாயம், மற்ற மூன்றும் மூன்று விருப்பப் பாடத் தொகுதிகளிலிருந்து தொகுதிக்கு ஒன்றாக. உயர்தரத்தில் ஒரு பிரிவு. அதற்குப் பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பிரித்து, எந்தக் கற்கைநெறி எந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப வரிசை எழுதிக் கொடுப்பது. மிச்சத்தை உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசற்புள்ளியும் (Z-score) மாவட்டமும் தீர்மானிக்கும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டப் பங்குக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வீதங்கள் மனப்பாடம். அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகும் கிழமையில் ஊரில் வேறு கதையே இருக்காது. அதோடு தெரிவு என்ற சங்கதி முடிந்துவிடும். உள்ளே போன பிறகு நேரசூசி அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், பிள்ளை அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போகும். பெரிய அளவில் ஒரே ஒரு முறை தெரிவு, அதன் பிறகு சின்னதாகக்கூட ஒன்றும் கிடையாது.

பாடப் பெட்டியை வெறுமையாக விட்டபோது

மருமகள் இடையில் ஒரேயடியாகச் சோர்ந்துபோனாள். எதைத் தொட்டாலும் எதோடோ மோதுகிறது, "இவங்களே ஒண்டைத் தந்தால் நான் போய் இருப்பன் தானே மாமா" என்று மடிக்கணினியை மூடிவிட்டாள். சரி, இது நமக்குத் தெரிந்த தொழில் என்று நான் பெரிய தாளை விரித்தேன். நேரசூசி போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி இருக்கிறது. அசைக்க முடியாததை முதலில் வை, எங்கேயும் போகக் கூடியதைக் கடைசியில் வை. எங்கள் பாடசாலையில் முதலில் ஏறுவது தொகுதிப் பாடங்கள். ஒரே தொகுதியில் ஒரு பிள்ளை சங்கீதம், இன்னொன்று சித்திரம், மூன்றாவது நாடகம் என்று பிரிந்து போவதால், தரம் 10 இல் எல்லா வகுப்புக்கும் அந்தப் பாடவேளை ஒரே நேரத்தில் விழுந்தாக வேண்டும். அது இருந்துவிட்டால் தமிழும் வரலாறும் கிடைத்த இடத்தில் இருந்துகொள்ளும். அதே முறையில் அவளுடைய நிரலாக்கப் பாடத்தை ஆய்வுகூடத்தோடு முதலில் வைத்தோம், 4 கிரெடிட். நுண்கணிதம் அதன் கலந்துரையாடல் வகுப்போடு, 4. ஆங்கில எழுத்துப் பயிற்சிக்கு வகுப்புகள் ஏராளம், அது எங்கேயும் பொருந்தும், 3. முதலாம் வருடத்தாருக்கான ஒரு சின்ன வகுப்பு, 1. மொத்தம் 12.

மேலே ஒன்று வைக்க இடம் இருந்தது. பௌதிகவியலைப் போடு என்றேன் நான். உயர்தரத்துக்குப் படித்தது சூடு ஆறாமல் இருக்கிறது, எப்படியும் எடுக்க வேண்டிய பாடம், முதல் பருவத்திலேயே முடித்துவிடலாம். ஆய்வுகூடத்தோடு 4, மொத்தம் 16. இடம் கொள்ள வேண்டுமானால் நுண்கணிதத்தைக் காலை 8 மணிக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். தாளில் எழுதியே விட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பாடம் என்ற பெட்டியில் இருந்ததை அழித்தாள். இலக்கம் என்ற பெட்டியையும் அழித்தாள். செவ்வாய், வியாழன், 11 மணி என்று மட்டும் போட்டாள். "அந்த நேரத்தில அங்க என்னென்ன நடக்குது எண்டு பாப்பமே மாமா."

இத்தனை நாள் இரவிரவாக அந்தப் பக்கத்தில் கிடந்தும் எனக்கு இப்படித் தேடத் தோன்றவில்லை. எங்கள் தொழிலில் பாடம் முதலில், அதற்கு ஆசிரியர், பிறகுதான் நேரம். நேரத்தை முன்னால் வைத்து, இந்த நேரத்தை என்ன செய்யலாம் என்று யாரும் கேட்பதில்லை. அவள் கேட்டதும் பட்டியல் கொட்டியது. தர்க்கவியல் அறிமுகம். ஜாஸ் இசையின் வரலாறு. நகரத் திட்டமிடல். பண்டைய ரோமாபுரி. பூச்சிகளைப் பற்றி ஒன்று. மருமகள் ஒவ்வொன்றாக வாசித்தாள், விவரத்தைத் திறந்து அதையும் வாசித்தாள். அக்கா தேத்தண்ணியோடு வந்து நின்று, அவவும் கேட்கத் தொடங்கினா. "ரோமாபுரியைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்ற கேள்வி எதிர்பார்த்தபடி வந்தது. ஆனால் போகவில்லை, கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டா. அதற்குள் மருமகள் ஒரு வரியில் நின்றாள். கடலியல் அறிமுகம், 3 கிரெடிட், முன்தேவை எதுவுமில்லை.

கடலைக் காண விமானம் ஏற வேண்டிய மாநிலம் அது. அங்கே போய்க் கடலைப் படிப்பதா என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விவரத்தில் கடலடிப் பள்ளத்தாக்குகள் என்று ஒரு சொல் இருந்தது. "இது எங்கட கொட்டியாரக் குடாவுக்குள்ள இருக்கிறதுதானே?" என்றாள். ஆம். குடாவிலிருந்து ஆழக்கடல் வரை ஒரு பெரும் பள்ளத்தாக்கு கடலுக்கடியில் ஓடுகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட இத்தனை ஆழம் இருப்பதால்தான் நீலத் திமிங்கிலம் இந்தப் பக்கம் வருகிறது என்பார்கள். மார்ச் தொடங்கினால் உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு படகுகள் போகின்றன. அவள் வீட்டு முன்னால்தான் அந்தப் படகுகளைத் தள்ளுவார்கள். ஆனால் 13 வருடப் பாடசாலையில் இந்தக் கடலைப் பற்றி யாரும் அவளுக்கு ஒரு பாடவேளைகூட ஒதுக்கவில்லை. புவியியல் இருந்த தொகுதியில் அவள் வணிகக் கல்வியை எடுத்தவள். எடுத்தவள் என்பதுகூடப் பிழை. அந்த வருடம் அவள் பாடசாலையில் புவியியலுக்கு ஆசிரியர் இல்லை.

பௌதிகவியலை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவளாகவே முடிவெடுத்தாள். மொத்தம் 15. நான் எழுதியதை அழித்துக் கொடுத்தேன்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் பதிவு நாள் ஒன்று இருக்கிறதே. அங்கே காலை 8 மணி, எங்களுக்கு மாலை 6.30. அவளுடைய நேரம் திறந்தபோது கடலியல் நிரம்பிவிட்டது. பதிவு நேரம் எல்லோருக்கும் ஒன்றல்ல, முடித்த கிரெடிட் அதிகமுள்ளவர்கள் முதலில் உள்ளே போகிறார்கள். நாலாம் வருடத்தார், மூன்றாம் வருடத்தார், இரண்டாம் வருடத்தார் என்று வந்து, புதுப் பிள்ளைகளுக்குக் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரிதான். வடையும் இருக்காது, பாயாசமும் இருக்காது. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, வேறு நேரத்தில் இடம் இருந்த தர்க்கவியலை எடுத்துக்கொண்டாள். அவள் அங்கே போய்ச் சேர்ந்து முதல் கிழமை முடிந்த பிறகும் பட்டியல் அவள்வரை நகரவில்லை. தர்க்கவியல் பிடித்திருக்கிறதாம். கடலியலை இலையுதிர் பருவத்தில் மட்டும்தான் வைக்கிறார்கள், அடுத்த முறை தனக்குக் கிரெடிட் கூடியிருக்கும், முன்னாலேயே திறக்கும் என்று தொலைபேசியில் கணக்குச் சொன்னாள். எங்கே எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று இப்போது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே அது சுதந்திரமா, வேலையைத் தள்ளிவிடுவதா? இரண்டும்தான் என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை. என் சாய்வு இப்போது அவர்கள் பக்கம், ஆனால் அரை மனதோடு. தெரிவு செய்யும் பழக்கமே இல்லாத பிள்ளையிடம் ஆயிரம் வரியை நீட்டுவது உதவியில்லை. வீட்டில் சொல்லித்தர ஆளிருக்கும் பிள்ளை 15 என்று எடுக்கும், இல்லாத பிள்ளை 12 இல் நின்று ஐந்தாம் வருடத்துக்கும் காசு கட்டும். ஆனாலும் நேரத்தை முன்னால் வைத்து ஒரு 19 வயதுப் பிள்ளை கேட்ட அந்தக் கேள்விக்கு எங்கள் நேரசூசிகளில் கேட்கவே இடமில்லை. அதை நான் என் கையாலேயே வருடா வருடம் போடுகிறேன்.

இந்த முறை தரம் 9 பிள்ளைகளிடம் ஒரு காரியம் செய்து பார்த்தேன். வழக்கமாக, எங்களிடம் ஆசிரியர் இருக்கிற தொகுதிப் பாடங்களை மட்டும் அச்சடித்துக் கொடுத்து அடையாளமிடச் சொல்வோம். இந்த முறை பாடத்திட்டத்தில் உள்ள எல்லாத் தொகுதிப் பாடங்களையும் எழுதிக் கொடுத்தேன். நாங்கள் படிப்பிக்கிறோமோ இல்லையோ, உனக்கு எது வேண்டும் என்று எழுது என்றேன். வழமையாக ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை, பாடவேளை முடிந்தும் சில பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தொகுதியில் விவசாயத்தைவிடத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் கேட்டவர்கள் அதிகம். விவசாயத்துக்கு எங்களிடம் நல்ல ஆசிரியர் இருக்கிறார். ஊடகக் கற்கைக்கு ஒருவரும் இல்லை, இருந்ததும் இல்லை.

தாள்களை அதிபரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லாததை ஏன் கேட்டனீங்க? இனி இதுகளுக்கு என்ன சொல்லுறது?" என்றார். நியாயமான கேள்விதான். ஆசிரியர் வெற்றிடங்களுக்கு அனுப்பும் கடிதத்தோடு இதையும் இணைக்கலாம் என்றேன். முன்னர் பாடம் இருந்து ஆசிரியர் போயிருந்தால்தான் அதற்குப் பெயர் வெற்றிடம், பாடமே இல்லாத இடத்தில் வெற்றிடம் எப்படி வரும் என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எத்தனை பேர் என்று எண்ணி ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.